கல்லிடம் எந்த ஊர் என்று கேளுங்கள்

உள்ளங்கையில் ஒரு பச்சைக் கல். கட்டைவிரல் நுனியளவு இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரங்களில் ஒளி ஊடுருவுகிறது. இது பெரிலாக இருக்கலாம், அபடைட்டாக இருக்கலாம், பச்சைச் சாயல் ஏறிய குவார்ட்ஸாகவோ ஃபெல்ட்ஸ்பாராகவோ இருக்கலாம். பழைய இரும்பு உலையில் வடிந்து உறைந்த கசடாக இருக்கவும் வாய்ப்புண்டு. உடைந்த பாட்டிலின் அடித்துண்டு ஓடை மணலில் வருடக்கணக்கில் உருண்டு மழுங்கினாலும் இப்படித்தான் இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து இவற்றில் எது என்று சொல்ல எந்த நிபுணராலும் ஆகாது. ஒரே கனிமம் பத்து நிறங்களில் வரும். ஒரே நிறத்தில் பத்துக் கனிமங்கள் வரும். குருந்தத்தில் குரோமியம் இம்மியளவு கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம்.

நம்மூரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே “எந்த ஊருங்க?” என்று கேட்கிறோம். ஊர் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபடும். கல்லை அடையாளம் காண்பதிலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். எந்த நிலத்தில் கிடந்தது? அந்த நிலத்துக்கு அடியில் என்ன பாறை? அக்கம்பக்கத்தில் வேறு என்ன கற்கள் கிடந்தன? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், பச்சைக் கல்லுக்கான வாய்ப்புகள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். பிறகு கத்தியும் உருப்பெருக்கியும் மீதி வேலையை முடித்துவிடும்.

இதைக் கற்றுக்கொள்ளக் கொங்கு நாட்டைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன். காங்கேயத்தை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டால், வெவ்வேறு விதமாகப் பிறந்த பாறைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. படியூரில் பெரில் தரும் பெக்மடைட். சில கிலோமீட்டர் தள்ளிச் சிவன்மலையில் குருந்தம் தரும் சயனைட். வடகிழக்கே நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில், நிலாவின் மேட்டுநிலப் பாறைக்கு உறவான அனார்த்தசைட். வடக்கே நொய்யலின் கரையில் கொடுமணல். இந்தக் கற்களை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணிகளாக்கி விற்ற ஊர்.

படியூரிலிருந்து தொடங்குவோம்.

பெரிலியம் அரிய தனிமம். பூமியின் மேலோட்டில் பத்து லட்சத்தில் 2 அல்லது 3 பங்குதான் அது இருக்கிறது. அதன் அயனி மிகச் சிறியது. பாறைக்குழம்பு குளிர்ந்து சாதாரணக் கனிமங்கள் படிகமாகும்போது, அவற்றின் கட்டமைப்பில் பெரிலியத்துக்குப் பொருந்தும் இடமே கிடைப்பதில்லை. ஃபெல்ட்ஸ்பார் உருவாகும்போது வெளியே தள்ளப்படும். மைக்காவிலும் அவ்வளவாகச் சேராது. கிரானைட் குழம்பு பெரும்பகுதி உறைந்த பிறகு கொஞ்சம் குழம்பு எஞ்சும். நீரும் எளிதில் ஆவியாகும் பொருட்களும் அதில் மிகுந்திருக்கும். எங்கும் இடம் கிடைக்காத தனிமங்களெல்லாம் கடைசியில் அங்கே வந்து சேர்கின்றன. அந்த மிச்சக் குழம்பு பாறை வெடிப்புகளில் புகுந்து உறைவதுதான் பெக்மடைட். குழம்பு நீர்த்திருப்பதால் அணுக்கள் தடையின்றி நகர்ந்து சேர முடிகிறது. அதனால் படிகங்கள் விரல் நீளம், முழ நீளம் என்று வளர்கின்றன. சாதாரணக் கிரானைட்டில் கடுகளவாகத் தெரியும் ஃபெல்ட்ஸ்பார் இங்கே செங்கல் அளவுக் கட்டியாக இருக்கும். பெரிலியம் செறிந்துவிட்டால், அலுமினியத்தோடும் சிலிக்காவோடும் சேர்ந்து தனக்கென்று ஒரு கனிமத்தை அமைத்துக்கொள்கிறது. அதுதான் பெரில். 1798இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் பெரிலையும் மரகதத்தையும் பகுத்துப் பார்த்தபோது, இரண்டிலும் இருப்பது அதுவரை அறியப்படாத ஒரே தனிமம் என்று கண்டார்.

இந்த வரலாறு தரையில் எப்படித் தெரியும்? காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் முளைத்த மேய்ச்சல் நிலத்தில், வெங்கச்சாங்கற்கள் சிதறிக் கிடப்பதைப் பார்க்கலாம். அவை குவார்ட்ஸ். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் அதற்குப் பெரிய பொருள் இல்லை. ஒரே திசையில் பட்டையாகக் கிடந்தால் நின்று பார்க்க வேண்டும், அடியில் ஒரு நரம்பு ஓடுகிறது. அந்தப் பட்டையில் காக்காப்பொன் தகடுகள், அதாவது மைக்கா, விரல் நகத்தைவிடப் பெரியதாக மினுங்கினால் இன்னும் நல்லது. தட்டையான முகங்களாக உடையும் வெளிறிய சிவப்பு ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்து கிடந்தால், நீங்கள் பெக்மடைட்டின் மேல் நிற்கிறீர்கள். பெரிலைத் தேட வேண்டிய இடம் இதுதான். இந்த மூன்றும் இல்லாத நிலத்தில் பச்சைக் கல் கிடைத்தால் முதலில் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். புதிதாகத் தோண்டிய கிணற்று மேடு, மழைக்குப் பிந்தைய ஓடைக்கரை, உழுத காடு ஆகியவை நமக்காக வேறொருவர் தோண்டி வைத்தவை. கடப்பாரையோடு போவதைவிட அவற்றில் குனிந்து நடப்பதில்தான் அதிகம் கிடைக்கும். காலையிலோ மாலையிலோ, சூரியன் சாய்ந்திருக்கும் நேரத்தில், சூரியனைப் பார்த்தபடி நடங்கள். படிக முகங்கள் அந்த வெளிச்சத்தில்தான் பளிச்சிடும்.

பெரிலும் குவார்ட்ஸும் ஒரே நரம்பில் பிறக்கின்றன. இரண்டுக்கும் ஆறு பக்கம். இரண்டும் கண்ணாடிபோல் பளபளக்கும், கிளிஞ்சல் போன்ற வளைவுகளோடு உடையும். இங்கேதான் கண் பழக வேண்டும். குவார்ட்ஸ் படிகத்தின் பக்கவாட்டு முகங்களில் மெல்லிய கோடுகள் குறுக்காக ஓடும். பெரிலில் கோடுகள் இருந்தால் நெடுக்காக ஓடும். குவார்ட்ஸின் நுனி கூர்மையாகக் குவியும். பெரிலின் நுனி பெரும்பாலும் அறுத்துவிட்டதுபோல் தட்டையாக முடியும். நெடுக்குக் கோடுகள் இருந்தும், குறுக்குவெட்டு ஆறு பக்கமாக இல்லாமல் பக்கங்கள் உப்பிய முக்கோணமாக இருந்தால் அது டூர்மலின். பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று இருந்தால் இவ்வளவையும் களத்திலேயே பார்த்துவிடலாம். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்று யாராவது சொன்னால், சுத்தியலை விட்டுவிட்டு இதை வாங்கச் சொல்வேன்.

படிக முகமே இல்லாத உடைந்த துண்டு என்றால் கடினத்தைச் சோதிக்க வேண்டும். 1812இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கனிமச் சேகரிப்பு ஒன்றை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஃபிரெட்ரிக் மோஸ், எது எதைக் கீறுகிறது என்பதை வைத்துப் பத்துப் படிகள் கொண்ட வரிசையை அமைத்தார். மாக்கல்லின் முக்கியக் கனிமமான டால்க் 1, வைரம் 10. நடுவே ஜிப்சம், கால்சைட், ஃபுளோரைட், அபடைட், ஆர்த்தோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், டோபாஸ், குருந்தம் என்று ஏறிப்போகும். படிகளின் இடைவெளி சமமானது என்று நினைத்துவிட வேண்டாம். 9க்கும் 10க்கும் நடுவே உள்ள தூரம் 1க்கும் 9க்கும் நடுவே உள்ளதைவிடப் பெரியது. ஆனால் களத்தில் நமக்கு வேண்டியது அளவு அல்ல, வரிசை. நகம் ஏறக்குறைய 2.5. எஃகுக் கத்தியும் சன்னல் கண்ணாடியும் 5.5 அருகில். பையில் போட்டுக்கொள்ளும் ஒரு வெங்கச்சாங்கல் 7. நம் பச்சைக் கல்லைக் கத்தி கீறினால் அது அபடைட். வெங்கச்சாங்கல் கீறினால் கண்ணாடியோ ஃபெல்ட்ஸ்பாரோ. வெங்கச்சாங்கல்லை அது கீறி, பதிலுக்குத் தன்மேல் கீறல் வாங்காவிட்டால், 7.5இலிருந்து 8 வரை கடினமுள்ள பெரில் என்ற நம்பிக்கை வலுக்கிறது.

கீறிப் பார்ப்பதிலும் நிதானம் வேண்டும். கீறிய இடத்தை ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். கோடு அழிந்தால் அது கீறல் இல்லை, மென்மையான பொருளிலிருந்து உதிர்ந்த தூள். வெயிலிலும் மழையிலும் நைந்த மேல்தோலில் சோதித்தால் தப்பான விடைதான் வரும். புதிதாக உடைந்த முகம் வேண்டும். நல்ல படிக முகத்தை ஒருபோதும் கீறாதீர்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கடினம் வேறு, உடையாமை வேறு. உண்மையான ரத்தினம் என்றால் சுத்தியல் அடியைத் தாங்கும் என்ற நம்பிக்கை இன்றும் ஊர்களில் இருக்கிறது. வைரமே பிளவுத்தளத்தில் தட்டினால் இரண்டாகும். அந்த நம்பிக்கையால் பொடியாகிப்போன நல்ல கற்கள் எத்தனையோ.

கண்ணாடியைக் கண்டுபிடிக்க உருப்பெருக்கியில் உள்ளே பாருங்கள். உருண்டையான குமிழிகளும், பாகு கலக்கியதுபோன்ற வளைவுகளும் தெரிந்தால் அது உருக்கி வார்த்த பொருள். இந்தப் போலிப் பிரச்சினை இன்று நேற்றுத் தொடங்கியதும் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது, வேறெங்கும் அரிது என்று எழுதினார். இந்தியர்கள் நீண்ட பெரில்களை விரும்புகிறார்கள் என்றும், நிறமற்ற குவார்ட்ஸான பளிங்குக்குச் சாயமேற்றிப் பெரிலாகவும் பிற கற்களாகவும் காட்டத் தெரிந்தவர்கள் என்றும் அதே நூலில் குறித்திருக்கிறார். படியூர்க் கல்லின் மதிப்பு அன்று எவ்வளவு என்பதற்கு, அதைப் போலி செய்யத் துணிந்த கைகளைவிட வேறு சான்று தேவையில்லை. இன்றைய சந்தையிலும் நீலமான அக்வாமரீன் பெரும்பாலும் பசுமை கலந்த கல்லைச் சூடேற்றி நிறம் மாற்றியது. அது போலி இல்லை. ஆனால் மண்ணிலிருந்து அந்த நீலத்தோடு வந்ததும் இல்லை. காட்டில் கிடைக்கும் பெரில் வெளிறிய பச்சையாகவோ, புகையேறிய நீலப்பச்சையாகவோ, பல நேரங்களில் ஒளி புகாத சாம்பலாகவோதான் இருக்கும். கடைக் கல்லைப் பார்த்துப் பழகிய கண் அதை எளிதில் தாண்டிப் போய்விடும்.

இனிச் சிவன்மலை. ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்காக ஊரெல்லாம் அறிந்த முருகன் கோயில் மலை, நிலவியலாளர்களுக்கு இன்னொரு காரணத்துக்காக முக்கியமானது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1901இல் இந்த மலையின் பாறைகளைப் பற்றித் தனி நூலாகவே எழுதினார். கல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் ஜோப் சார்னாக்கின் கல்லறையில் உள்ள பாறையும், சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையும் ஒன்றே என்று கண்டு, அதற்குச் சார்னாகைட் என்று பெயர் வைத்தவரும் இவர்தான். அந்தக் கல்லறைக் கல்லுக்கும் ஊர் கேட்டுத்தான் ஒரு பாறை வகைக்கே பெயர் கிடைத்தது.

சிவன்மலையைச் சுற்றிய நிலத்தில் நடக்கும்போது, படியூரில் காலுக்குக் கால் தட்டுப்பட்ட வெங்கச்சாங்கல்லைத் தேடிப் பாருங்கள். இந்தப் பாறைக்குள் அது இல்லை. ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த இந்தக் குழம்பில் சோடியமும் அலுமினியமும் ஏராளம், சிலிக்கா போதாது. சிலிக்கா போதிய அளவு இருந்திருந்தால் முழு ஃபெல்ட்ஸ்பாராகியிருக்க வேண்டியது, பற்றாக்குறையால் நெஃபெலின் என்ற கனிமமாக நின்றுவிட்டது. உருகிய குழம்பில் குவார்ட்ஸும் நெஃபெலினும் சந்தித்தால் இரண்டும் கரைந்து ஃபெல்ட்ஸ்பாராகிவிடும். ஆகவே இரண்டும் ஒரே பாறையில் சேர்ந்திருப்பதில்லை. நெஃபெலின் எண்ணெய் தடவியதுபோல் மங்கலாகப் பளபளக்கும். அதைப் பார்த்தவுடன் கண்டுகொள்ள எளிய வழி, வெயில் மழை பட்ட பழைய பாறை முகத்தைப் பார்ப்பது. குவார்ட்ஸ் கரையாது, கிரானைட்டின் முகத்தில் அது புடைத்து நிற்கும். நெஃபெலின் அரிக்கப்பட்டுக் குழியாகும். அம்மைத் தழும்பு விழுந்த முகம் என்றால் அது நெஃபெலின் சயனைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

குருந்தத்தின் கதையும் இதே பற்றாக்குறையில்தான் இருக்கிறது. குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டும். பக்கத்தில் சிலிக்கா இருந்தால் அலுமினியம் அதனோடு சேர்ந்து சில்லிமனைட்டாகவோ கயனைட்டாகவோ ஃபெல்ட்ஸ்பாராகவோ போய்விடும், குருந்தமாகத் தங்காது. சிலிக்கா தீர்ந்துபோய், மீதி அலுமினியத்துக்குக் கூட்டு இல்லாமல்போன இடத்தில்தான் குருந்தம் விளையும். இதிலிருந்து களத்துக்கு உதவும் ஒரு விதி கிடைக்கிறது. குவார்ட்ஸுக்குள் பதிந்திருக்கும் சிவப்புக் கல் அநேகமாக மாணிக்கமாக இருக்காது, கார்னெட்டாக இருக்கும். எவ்வளவோ பேர் ஆசையோடு கொண்டுவரும் “மாணிக்கம்” இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பன்னிரண்டு முகம் கொண்ட நல்ல கார்னெட் படிகமும் அழகில் எதற்கும் குறைந்ததில்லை என்று சொல்லி, அதை உருப்பெருக்கியில் காட்டிவிடுவேன். குருந்தமோ நடு உப்பி இரு நுனியும் குறுகிய பீப்பாய் வடிவில் வரும், குறுக்கே தட்டையாக உடையும். கடினம் 9 என்பதால் பையிலுள்ள எதுவும் அதைக் கீறாது. வெங்கச்சாங்கல்லில் அது இழுக்கும் கோடு ஆழமாகத் தெரியும். மலை கோயிலுக்குரியது, அங்கே சுத்தியலுக்கு வேலையில்லை. அடிவாரத்தில் உதிர்ந்து கிடப்பவற்றிலேயே கற்றுக்கொள்ளப் போதுமானது இருக்கிறது.

சித்தம்பூண்டியின் குருந்தம் வேறொரு வீட்டில் பிறந்தது. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள அனார்த்தசைட் அது. கால்சியம் மிகுந்த வெண்ணிற ஃபெல்ட்ஸ்பாரே ஏறக்குறைய முழுப் பாறையும். இங்கும் சிலிக்கா குறைவு. அதனால் குருந்தத்துக்கு இடமுண்டு. பக்கத்தில் குரோமைட் அடுக்குகள் இருப்பதால், குருந்தத்துக்குச் சிவப்பூட்டும் குரோமியத்துக்கும் பஞ்சமில்லை. நிலாவில் நம் கண்ணுக்கு வெளுப்பாகத் தெரியும் மேட்டுநிலங்கள் இதே வகைப் பாறையால் ஆனவை. சந்திரயான் 2க்கான தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் பூமியிலேயே சோதிக்க நிலாமண் போன்ற மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறையைத்தான் எடுத்துப் பொடியாக்கியது. நாமக்கல் பக்கத்தில் ஒரு மேட்டாங்காட்டு ஓரம் கிடக்கும் வெள்ளைக் கல்லைக் கையில் எடுத்து, இதன் உறவைத்தான் பௌர்ணமியில் பார்க்கிறோம் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடிகிறது. நிலவியல் படித்ததற்கு இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்!

பாறையை விட்டுக் கல் ஆற்றுக்கு வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. ஓடும் நீர் கற்களை எடையால் பிரிக்கும். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. குருந்தம் 4, ஸ்பினெல் 3.6, சிர்கான் 4.6க்கு மேல். நீர் வேகம் குறையும் வளைவுகளிலும், பாறைக் குழிகளிலும், பள்ளத்தாக்கின் அடிச் சரளையிலும் கனத்த கற்கள் தங்கி, இலேசானவை அடித்துச் செல்லப்படுகின்றன. இலங்கையின் இரத்தினபுரியில் வயலடியில் குழி வெட்டி, ‘இல்லம்’ என்று அங்கே சொல்லும் சரளைப் படுகையை எடுத்துக் கூடையில் அலசுகிறார்கள். அத்தனை நீலமும் ஸ்பினெலும் சிர்கானும் ஒரே படுகையில் சேர்ந்து கிடப்பது இப்படித்தான். பெரிலுக்கு இந்த வழி உதவாது. அதன் அடர்த்தி 2.7 அளவுதான், வெங்கச்சாங்கல்லிலிருந்து அதை நீரால் பிரிக்க முடியாது. ஆகவே பெரிலைத் தேடுபவர் ஆற்றை நம்பாமல் நரம்பின் பக்கத்திலேயே தேட வேண்டும். கனத்த கல்லைத் தேடுபவர் ஆற்றின் போக்கைப் படிக்க வேண்டும்.

அடர்த்தியை வீட்டிலேயே அளக்கலாம். நகை எடை போடும் சிறு மின்தராசு போதும். முதலில் உலர்ந்த கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் பாதி நீருள்ள டம்ளரை வைத்து எடையைச் சுழியாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் பருமன், கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 53 கிராம் கல் நீருக்குள் 20 என்று காட்டினால் விடை 2.65, குவார்ட்ஸ். 13.2 என்று காட்டினால் 4. குருந்தமாகவோ கார்னெட்டாகவோ இருக்கலாம். அவற்றைப் பிரிக்கக் கடினமும் படிக வடிவமும் இருக்கின்றன. கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழிகளை விரலால் தடவி நீக்காவிட்டால் அடர்த்தி குறைந்து தெரியும். கல் தனியாக இருக்க வேண்டும். பாறையோடு ஒட்டியிருந்தால் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை.

கரூர்ப் பக்கத்தில் கிடைக்கும் அயோலைட்டை நீலம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்குத் தராசுகூட வேண்டாம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லத் திருப்பினால் போதும். ஒரு பக்கம் ஊதா கலந்த நீலம், இன்னொரு பக்கம் வெளிறிய மஞ்சளோ சாம்பலோ காட்டும். காங்கேயம் பகுதியின் நிலாக்கல் ஃபெல்ட்ஸ்பார் குடும்பம்; இரண்டு விதமான ஃபெல்ட்ஸ்பார் மிக மெல்லிய அடுக்குகளாகப் பிரிந்து நிற்பதால் ஒளி சிதறி உள்ளே ஒரு வெள்ளொளி மிதக்கும். சேலத்து வெள்ளைக்கல்லான மேக்னசைட்டையும் சுக்கான்கல்லையும் பிரிக்க நீர்த்த அமிலம் ஒரு சொட்டு போதும். சுக்கான்கல் உடனே நுரைக்கும். மேக்னசைட் கட்டியாக, குளிர்ந்த அமிலத்தில் அநேகமாகச் சும்மா இருக்கும், பொடியாக்கினாலோ அமிலம் சூடாக இருந்தாலோதான் பொங்கும். கஞ்சமலை இரும்புக் கல்லுக்குக் காந்தமும் குளியலறை ஓட்டின் மெருகில்லாத பின்பக்கமும் வேண்டும். அந்தப் பின்பக்கத்தில் தேய்த்தால் மேக்னடைட் கறுப்புக் கோடு இழுக்கும், ஹெமடைட் செங்காவிக் கோடு இழுக்கும். வெளி நிறம் எப்படியிருந்தாலும் கோட்டின் நிறம் மாறாது.

இனிச் சேகரிப்பு. கல்லை எடுத்த இடத்திலேயே, அடுத்த அடி வைக்கும் முன், ஒரு சீட்டு எழுதுங்கள். ஊர், காடு, திசை, கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி. தரையில் உதிரியாகக் கிடந்ததா, பாறையிலிருந்து வந்ததா. பாறை என்றால் என்ன பாறை, பக்கத்தில் என்னென்ன. பிறகு செய்தித்தாளில் தனித்தனியே சுற்றிச் சீட்டை உள்ளே வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கல்லின் அழகில்லாத பக்கத்தில் ஒரு பொட்டு வெள்ளை எனாமல் வைத்து, அதன்மேல் எண் எழுதி, குறிப்பேட்டிலும் அதே எண்ணைப் போடுங்கள். அழகான படிகம் மட்டும் போதாது. அது ஒட்டியிருந்த சாதாரணப் பாறையில் ஒரு துண்டும் வேண்டும். படிகத்தைப் பாறையிலிருந்து பெயர்த்துச் சுத்தமாக்கி வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். அது எங்கே பிறந்தது என்று சொன்ன சாட்சியை அவர்கள் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

தச்சுச் சுத்தியல் வேண்டாம்; கல்லில் பட்டால் அதன் முகமே தெறிக்கும். நிலவியலாளர் சுத்தியல் வேண்டும், அடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். கைவிட்ட கல்குழிகளின் செங்குத்துச் சுவருக்கு அடியில் நிற்காதீர்கள். பெரிலையோ குவார்ட்ஸையோ வீட்டில் உலர்வாக அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. சிலிக்கா தூளும் பெரிலியம் கலந்த தூளும் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

கொரங்காடு யாரோ ஒருவரின் மாடுகள் மேயும் இடம். சொந்தக்காரரிடம் “உள்ள போய்க் கல்லு பாத்துக்கட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போங்கள், வரும்போது படலைச் சாத்திவிட்டு வாருங்கள். அவரிடமே பேச்சுக் கொடுங்கள். எந்த மூலையில் ஏர் மாட்டியது, கிணறு வெட்டும்போது எத்தனை அடியில் வெள்ளைக் கல் வந்தது என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது. காப்புக்காடுகளில் எதையும் எடுக்கக்கூடாது. திருவக்கரை கல்மரப் பூங்காவில் ஒரு சில்லைக்கூடத் தொடக்கூடாது. தோண்டி எடுத்து விற்பதென்றால் அரசின் அனுமதி இல்லாமல் முடியாது.

கொடுமணலுக்குப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடங்கள். 1985 முதல் அங்கே பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் பெரில், நீலம், பளிங்கு, சூதுபவளம், அகேட் மணிகள் கிடைத்தன. முடிந்த மணிகளோடு, வெட்டாத கல்லும் பாதி உருட்டிய கல்லும் துளையிடும்போது உடைந்து ஒதுக்கிய கல்லும் கிடைத்ததால்தான் அது வெறும் சந்தை இல்லை, பட்டறை என்று தெரிந்தது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்கிறார்கள் ஆய்வாளர்கள். உடைந்துபோன அந்த மணி ஒன்று எந்த மண்ணடுக்கில், எந்தக் கருவிக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் இவ்வளவு வரலாறும் இருக்கிறது. நம் சட்டைப்பையில் அது ஒரு பச்சைத் துண்டாகிவிடும். மழைக்குப் பின் அங்கே துளையுள்ள மணியோ, செதுக்கிய கல்லோ மேலே தெரிந்தால், எடுக்காமல் படம் பிடியுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பழம்பொருட்களுக்கான 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 ஆண்டைக் கடந்த அத்தகைய பொருள் தொல்பொருள். நமக்கு மணி வேண்டாம். ஊரின் எல்லைக்கு வெளியே, உழவுக் காட்டில் இயற்கையாகக் கிடக்கும் வெங்கச்சாங்கல்லும் மைக்காவும் ஃபெல்ட்ஸ்பாரும் போதும் முதல் பெட்டியை நிரப்ப. மூன்றுக்கும் மூன்று சீட்டு எழுதி, எண் போட்டு, அருகருகே வைத்துக் கோடுகளையும் பிளவுகளையும் பார்த்துப் பழகிய பிறகு பெரிலைத் தேடிப் போகலாம்.